எண்பத்து நாலு கைகள்

இந்தக் கதையில் காரியத்தில் கைவைத்த ஆண்பிள்ளை என்று பார்த்தால் ஊராட்சிச் செயலர் நேசக்குமார் ஒருவன்தான். மற்றதெல்லாம் பெண்கள் முன்னின்று நடத்தியது. வழக்குப் போட்டது பெண், எதிர்த்து வாதாடியது பெண், விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது பெண், ஊராட்சித் தலைவி பெண், கையெழுத்துப் போட்ட முந்நூற்றுப் பதினைந்து பேரும் பெண்கள். அப்படியிருந்தும் சவேரியார்துறையின் கடற்கரை கையை விட்டுப் போயிற்று. ஆண்கள் கெடுத்தார்கள் என்று சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்ளக்கூட வழியில்லை. வழக்கறிஞர் கிரேசிக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

கிரேசி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியர், அம்மா அதே பள்ளியில் தையல் டீச்சர். அந்த வீட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. பொய் சொல்லக் கூடாது, ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக மாட்டார்கள், பஸ் ஏற மாட்டார்கள், குழம்புக்குச் சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுவார்கள். கிரேசி படித்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, தூத்துக்குடி நீதிமன்றத்தில் முப்பது வருடம் நின்றதில் முதல் சட்டம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்திருந்தது. வக்கீல் தொழிலில் அது எல்லோருக்கும் நடப்பதுதான். இரண்டாவது சட்டத்தை மட்டும் அவள் விடவே இல்லை. கட்சிக்காரர் வாசலில் வந்து நின்று அழுதாலும் திங்கட்கிழமை வாருங்கள் என்று கதவைச் சாத்திவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

சவேரியார்துறை கீழவைப்பாருக்கு அப்பால் இருக்கும் ஊர். ஆயிரம் வீடு, பழைய கத்தோலிக்கக் கோயில் ஒன்று, சிலுவை நட்ட குருசடி ஒன்று, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக மணல்வெளி. ஆண்கள் அங்கே வள்ளங்களை ஏற்றிப் போடுவார்கள். பெண்கள் அங்கே காரலும் நெத்திலியும் காயப்போடுவார்கள். ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்குச் சோறு போட்டது அந்தக் கருவாட்டுக் களம்தான். புருஷன் குடித்தாலும், கடலில் மீன் குறைந்தாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் செலவு அந்த மணலிலிருந்து வந்துவிடும்.

அந்த மணலைத்தான் ஒரு கம்பெனி கேட்டது. கரிப்புகை விடுகிற கம்பெனியாக இருந்தால் ஊரே ஒரு வாய்ச்சொல்லில் திட்டியிருக்கும். இது புகையில்லாத எரிபொருள் செய்கிற கம்பெனி. காற்றாலை மின்சாரத்தில் பசுமை அம்மோனியா செய்து கப்பலேற்றுகிற திட்டம். குழாயும் கப்பல் நிற்கும் ஜெட்டியும் போட ஒரு கிலோமீட்டர் கரை வேண்டும், சுற்றி வேலி வேண்டும் என்றார்கள்.

"உலகம் சூடாவுதாம் மேடம். அதைக் குளுர வைக்கதுக்கு அவனுவளுக்கு நம்ம கருவாட்டுக் களந்தான் கெடச்சுதாம்" என்று ஊராட்சித் தலைவி ஆக்னஸ் கிரேசியின் அலுவலகத்தில் முதன்முதலாக வந்து உட்கார்ந்தபோது சொன்னாள்.

ஆக்னசுக்கு வயது நாற்பத்திரண்டு. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவள். ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் அவளே உட்காருவாள், செக்கில் அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அந்த வட்டாரத்தில் அதுவே அதிசயம். கிரேசிக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. பீஸ் வாங்காமல் வழக்கை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வருடம் போராடிச் சென்னைப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு உத்தரவு வாங்கினாள். அதில் ஒரு நிபந்தனை, கிரேசி ராத்தூக்கம் கெட்டு யோசித்துத் தன் கையால் எழுதி வாதத்தில் சேர்த்தது. ஊர்ப் பெண்கள் தனியாகக் கிராமசபை கூடி ஒப்புக்கொண்டால் மட்டுமே திட்டம் நடக்கலாம். அறுபது நாளைக்குள் கூட வேண்டும். கூடாமல் போனால் அதிகாரிகள் தாங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம். பெண்கள் ஒப்புக்கொண்டாலொழிய ஒரு பிடி மண் அள்ள முடியாது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. கல்லூரிகளில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கடலோரமும் காலநிலையும் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்கப் போகிறார்கள், அதில் தென்மாவட்டத்திலிருந்து முதல் பெண்ணாகக் கிரேசி பெயர் அடிபடுகிறது என்று சேதி வந்தது. அவள் வெளியே சிரிக்கவில்லை. உள்ளே சிரித்தாள்.

அறுபது நாளில் ஐம்பது நாள் காகிதத்திலேயே கழிந்தது. ஒன்றிய அலுவலகத்தில் தேதி வாங்க, பெண்கள் பட்டியல் எடுக்க என்று இழுத்து, கூட்டத்துக்கு முன் கொடுக்க வேண்டிய ஏழு நாள் நோட்டீசும் போகக் கடைசியில் மிச்சமிருந்தது ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். திங்கட்கிழமை கெடு முடிகிறது.

"ஞாயித்துக்கெழமை வச்சிருவோம் மேடம்" என்றாள் ஆக்னஸ் போனில். "அன்னைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போமாட்டாவ. பூசை முடிஞ்சதும் ஊரே கோயில் வாசல்ல நிக்கும். அப்படியே கூட்டிரலாம்."

"ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். உனக்குத் தெரியும்லா ஆக்னஸ்."

"இந்த ஒரு நாளு மேடம்."

"ஒரு நாள்னுதான் எல்லாம் ஆரம்பிக்கும். சனிக்கிழமை வை. நான் வந்து நின்னு எல்லாருக்கும் விளக்கிச் சொல்லுதேன்."

ஆக்னஸ், "சரி மேடம், நீங்க வரணும், அதான் முக்கியம்" என்றாள். சவேரியார்துறையில் ஞாயிறு என்றால் கடலுக்குப் போகாத நாள், அதனால் பெண்களுக்குக் கை ஓய்கிற நாள். நாசரேத்தில் ஞாயிறு என்றால் கூட்டம் போடக் கூடாத நாள். இரண்டு பேருமே ஒரே கர்த்தருடைய நாளைத்தான் சொன்னார்கள். நாலு வார்த்தை கூடப் பேசியிருந்தால் கிரேசி அதைத் தெரிந்துகொண்டிருப்பாள். அவள் பேசவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சமூகநலக் கூடத்தில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அந்த ஊர் ஜனத்தொகைக்கு இருநூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். அதைக் கோரம் என்பார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாதி நாற்காலிகூட நிறையவில்லை. அன்றைக்கென்று வள்ளங்களில் சாளை மீன் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மீன் வாங்க விளாத்திகுளத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வந்த வண்டிகள் ஐஸ் பெட்டியோடு கரையில் வரிசையாக நின்றன. வாரத்தில் பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள் ஒன்று உண்டென்றால் அது சனிக்கிழமை.

அற்புதமணி என்கிற கருவாட்டுக்காரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். "யாரு வக்கீலம்மா இந்தக் கெழமையைப் பாத்தது? மீனைப் போட்டுட்டு எவ வருவா? நாளைக்குன்னா கெழவி கட்டைலாம் வந்திருக்குமே" என்றாள். கிரேசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

வந்தவர்கள் எண்பத்து நாலு பேர். கிரேசி பேசினாள். நன்றாகவே பேசினாள். திட்டத்துக்குச் சம்மதமில்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஆக்னஸ் கேட்டதும் எண்பத்து நாலு கையும் மேலே போயின. சில கைகளில் செதில் ஒட்டியிருந்தது. கிரேசிக்குக் கண் கலங்கிவிட்டது. அலைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். பிறகு அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள், ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

கூட்டம் கலைந்ததும் ஆக்னஸ் தலையில் கைவைத்தாள். "கோரம் இல்லியே மேடம். நாளைக்கு இன்னொரு தடவை கூட்டிருவோமா?"

"அது நடக்காதுக்கா" என்றான் செயலர் நேசக்குமார். மூக்குக் கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா, யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத சுபாவம். "புதுசா கூட்டணும்னா ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கணும். திங்கக்கெழமை கெடு முடிஞ்சுருது. ஒரு வழிதான் உண்டு. நாளைக்குக் கோயில் வாசல்ல நின்னு மிச்சக் கையெழுத்தை வாங்கிக்கிடுவோம். எல்லா ஊர்லயும் நடக்குததுதான். மேடத்துக்குத் தெரியாததா?"

மேடத்துக்குத் தெரியும். அது தப்பு என்றும் தெரியும். வராதவர்களை வந்ததாகக் காட்டுகிற கையெழுத்து அது. ஆனால் எதிரியின் பக்கம் போகிற கையெழுத்து இல்லையே, நியாயத்துக்காகத்தானே என்று மனம் சொல்லிற்று. ஊரில் ஒருத்தியும் திட்டத்துக்குச் சம்மதிக்க மாட்டாள் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. வராமல் போனது அவர்கள் குற்றமும் இல்லை.

"சரி. வாங்கிக்கோங்க" என்றாள். "நான் மட்டும் நாளைக்கு வரமாட்டேன்."

"நீங்க எதுக்கு மேடம் அலையணும்?" என்றான் நேசக்குமார். "தீர்மானத்தை நிதானமா எழுதணும். தீர்மானப் புத்தகத்துல முதல் ரெண்டு பக்கத்தை விட்டுட்டு, மூணாம் பக்கத்துல இருந்து கையெழுத்து வாங்கச் சொல்லுதேன். திங்கக்கெழமை காலையில நான் எழுதி அனுப்பிருதேன்."

முப்பது வருடம் வக்கீல் தொழில் பார்த்தவள், வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைத்த எத்தனை பேருக்காக நீதிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்தியிருப்பாள்! அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய், நாளைக்குக் குழம்புக்கு அரைத்து வைக்க வேண்டுமே என்பதுதான் தோன்றிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பெண்களை ஆக்னஸ் வாசலில் மறித்தாள். "ஏளா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ, நம்ம களத்துக்குத்தான்" என்றாள். களத்துக்கு என்றதும் ஒருத்தியும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில், சனிக்கிழமை கைதூக்கிய எண்பத்து நாலு பேரோடு இன்னும் இருநூற்று முப்பத்தோரு பேர் போட்டார்கள். கடைசியில் தலைவி என்ற இடத்தில் ஆக்னஸ் போட்டாள். அதே நேரத்தில் கிரேசி தூத்துக்குடியில் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல மனதோடு, அந்த ஊர்ப் பெண்களுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தபோது கம்பெனி வக்கீல் இந்துமதி எழுந்து ஒரு நகலைக் கொடுத்தாள். சாத்தான்குளம் பக்கம் பாத்திரக்கடைக் குடும்பத்துப் பெண். ஒரு காலத்தில் கிரேசியிடம் ஜூனியராக இருந்தவள். கிரேசி நகலை வாங்கிப் படித்தாள். 'ஊராட்சிக்கு ஒரு மண்டபமும் நாற்பது பேருக்கு வேலையும் தருவதாகக் கம்பெனி உறுதியளித்ததன் பேரில், சவேரியார்துறைப் பெண்கள் கிராமசபை இத்திட்டத்தை ஏகமனதாக வரவேற்கிறது.' கீழே முந்நூற்றுப் பதினைந்து கையெழுத்து. அதற்கும் கீழே ஆக்னஸ்.

"பெண்களின் ஒப்புதல் வேண்டும் என்று எதிர்த்தரப்புதான் கேட்டது. கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு இந்துமதி உட்கார்ந்தாள். கிரேசி அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் இந்துமதியே பக்கத்தில் வந்தாள். "மேடம், இது எனக்கு வந்த டாக்குமெண்ட். நான் எழுதினது இல்ல."

"எழுதினவன் யாருன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்? ஒண்ணு மட்டும் சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. கோரத்தை நீங்க தொட்டா இந்தத் தீர்மானம் செத்துரும். ஆனா வராதவங்க கையெழுத்தை வாங்கச் சொன்னது யாருன்னு அடுத்த கேள்வி வரும். பார் கவுன்சில் வரைக்கும் போகும்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் குழு லிஸ்ட் அடுத்த மாசம் வருதாமே? வாழ்த்துகள் மேடம்."

அடித்த மாதிரியும் இல்லை, அணைத்த மாதிரியும் இல்லை. கிரேசிக்கு ஆத்திரம் வந்தது. இவளுக்கா நான் சட்டம் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்தாள். பிறகு, நான் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தானோ என்று ஒரு கணம் தோன்றியது, அதை உடனே தள்ளிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆக்னஸ் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அந்த நேசக்குமாரு செவிட்டுல ஒண்ணு விட்டேன் மேடம். மூக்குக் கண்ணாடி தெறிச்சு விழுந்துட்டு. அவன் தம்பிக்குக் கம்பெனியில சூப்பர்வைசர் வேலை போட்டுக் குடுத்துருக்கானுவ. ஊருக்கு நல்லதுன்னுதான் எழுதினேங்கான், வெக்கங்கெட்டவன்."

"புகார் கொடுக்கலாம்."

"குடுத்தா என்ன சொல்லணும்? கையெழுத்து எங்கன வாங்கினேன்னு கேப்பாவல்லா?"

கிரேசி முந்தின நாளிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டதும் அதே இடத்தில்தான். வந்த எண்பத்து நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அப்புறம் எப்படி முந்நூற்றுப் பதினைந்து என்று கேட்பார்கள். மிச்சம் இருநூற்று முப்பத்தோரு பேரைக் கூப்பிட்டால், கோயில் வாசலில் போட்டோம் என்பார்கள். கைதூக்கிய படத்தைக் காட்டினால் ஒரு சின்னப்பிள்ளை எண்ணிவிடும். எந்த வழியில் போனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் முட்டிற்று. அதை ஒப்புக்கொண்டால் தீர்மானம் செல்லாது, மோசடியைக் காட்டிக் கெடுவை நீட்டிப் புதுச் சபை கேட்கலாம், கரை தப்பும். ஒப்புக்கொண்டவர்கள் தப்ப மாட்டார்கள்.

"நான் எழுதிக் குடுத்திருதேன் மேடம்" என்றாள் ஆக்னஸ். "வந்தது எண்பத்து நாலு பேருதான், மிச்சத்தை நான்தான் வாங்கினேன், தீர்மானம் எழுதாத நோட்டுலதான் வாங்கினேன்னு. பதவி போனாப் போவுது. அது என்ன, எங்கம்மா வீட்டுல இருந்து நான் கொண்டுவந்த சீரா? கேசு போட்டாலும் போடட்டும். நாளைக்கு எம்மவ, களத்தை வித்தவ மவன்னு பேரு வாங்கக் கூடாது."

"ஆக்னஸ், யோசிச்சு..."

"உங்க பேரை நான் எழுத மாட்டேன். நீங்க சொல்லித்தான் வாங்கினேன்னு செத்தாலும் சொல்ல மாட்டேன். ஆனா நான் ஒருத்தி சொன்னா நம்ப மாட்டாவ. காசு வாங்கிட்டு இப்ப மாத்திப் பேசுதாம்பாவ. தீர்ப்புச் சொல்லுத அந்த அம்மா உங்ககிட்ட கேப்பாவ. அப்ப நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சனிக்கெழமை எண்பத்து நாலு பேருதான் வந்தாங்க, நான் பாத்தேன்னு. அவ்வளவுதான் மேடம்."

கிரேசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுதேன்" என்றாள். அந்த நிமிஷத்தில் அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

பிறகு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் மனம் எவ்வளவோ தூரம் நடந்துவிடும். எண்பத்து நாலு பேர்தான் வந்தார்கள் என்று உனக்குத் தெரியும் என்றால், முந்நூற்றுப் பதினைந்து என்று போன தீர்மானத்தை ஏன் அன்றைக்கே எதிர்க்கவில்லை என்று கேட்பார்கள். குழுவில் பெயர் போகும். ஒரு பெண் மேலே வந்தால் எப்போது சறுக்குவாள் என்று காத்திருக்கிற ஆண்கள் பார் அசோசியேஷனில் ஐம்பது பேர் இருந்தார்கள். தனக்கு மட்டுமா அவமானம், பின்னால் வருகிற பெண்களுக்கெல்லாம் அல்லவா? இந்த ஒரு கரையைப் பார்ப்பதா, குழுவுக்குள் போய் உட்கார்ந்து எல்லாக் கரையையும் காப்பாற்றுவதா? இப்படியே அவள் கணக்குப் பார்த்துக்கொண்டு போனாள். தன் பயத்துக்கு ஒரு நல்ல சேலையைக் கட்டிவிடப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விசாரணை நாளில் ஆக்னஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். விளாத்திகுளத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிய அவளுடைய வாக்குமூலம் தீர்ப்பாயத் தலைவியின் மேஜையில் இருந்தது. தலைவி அதை முழுக்கப் படித்தார். இந்துமதி எழுந்து, காசு விஷயத்தில் மனஸ்தாபம் வந்து ஊராட்சித் தலைவி மாற்றிப் பேசுகிறார், வேறு ஒரு சாட்சிகூட இல்லை என்றாள்.

தீர்ப்பாயத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிரேசியைப் பார்த்தார். பின்னால் இருப்பவளுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே கேட்டார்.

"நீங்க மூத்த வழக்கறிஞர். உங்க வார்த்தையை நான் நம்புவேன், சத்தியப் பிரமாணம்கூட வேண்டாம். கோயில் வாசலில் கையெழுத்து வாங்கினதா இவங்க சொல்றாங்க. அது உண்மையா?"

"ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இல்லை, மேடம்" என்றாள் கிரேசி.

அது பொய் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் மாதிரி அந்த வார்த்தை தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரித்தவளுக்கு அந்த ஓய்வுநாள் செய்த உதவி அது.

"சரி. சனிக்கிழமை இருந்தீங்களே. அன்றைக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

கிரேசியின் கைப்பைக்குள் அலைபேசி இருந்தது. அதற்குள் எண்பத்து நாலு கைகளும் தூக்கியபடியே இருந்தன. பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பவில்லை.

"நான் எண்ணவில்லை, மேடம். நிறையப் பேர் வந்திருந்தார்கள்."

தீர்ப்பு இருபது நிமிஷத்தில் கம்பெனி பக்கமாக முடிந்தது. வெளியே வந்தபோது ஆக்னஸ் வாசலில் நிற்பாள், திட்டுவாள், அழுவாள் என்று கிரேசி எதிர்பார்த்தாள். திட்டட்டும், பட்டுக்கொள்வோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்தாள். ஆக்னஸ் இல்லை. எழும்பூரில் ரயில் பிடிக்கப் போய்விட்டாள் என்று காவலாளி சொன்னான்.

அடுத்த மாதம் குழுப் பட்டியல் வந்தது, கிரேசியின் பெயர் மூன்றாவதாக இருந்தது. தூத்துக்குடியில் ஒரு பெரிய ஓட்டலில் பெண் தலைமையும் காலநிலையும் என்று கருத்தரங்கு நடத்தினார்கள். மேடையில் இருந்த ஏழு பேரும் பெண்கள், அதில் இந்துமதியும் ஒருத்தி. கம்பெனிதான் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டது. பெண்களின் ஒப்புதலைப் பெற்று நடக்கும் முதல் பசுமைத் திட்டம் என்று சவேரியார்துறையைத் திரையில் காட்டினார்கள். கிரேசி கைதட்டவில்லை. எழுந்து வெளியேயும் போகவில்லை.

ஒருநாள் வேம்பாருக்கு ஒரு வேலையாகப் போகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் மெதுவாயிற்று. சாலையோரத்துத் தாரில் நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். பெண்கள் வண்டிகளுக்கு நடுவே குனிந்து கிளறிக்கொண்டிருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் புழுதி மேலே படிந்தது. அற்புதமணி நிமிர்ந்து காரைப் பார்த்தாள், உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துகொண்டாள். மீனை டயர் ஏறாமல் உள்ளே தள்ளிவிட்டு, போ என்று கையைக் காட்டினாள்.

ஆக்னசின் பதவி முன்பே போயிருந்தது. பொய்யான ஆவணம் தயாரித்ததாக அவள் மேல் வழக்கும் வந்தது. அவள் கையால் எழுதிக் கொடுத்ததே அவளுக்கு எதிரான சாட்சியம். நேசக்குமார் வேறு ஊராட்சிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வழக்கு விளாத்திகுளம் நீதிமன்றத்தில் என்று கேள்விப்பட்டதும் கிரேசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரையைக் காப்பாற்ற முடியவில்லை, அவளையாவது காப்பாற்றிவிட வேண்டும். தான் நின்று வாதாடினால் முதல் வாய்தாவிலேயே பாதி வழக்கை உடைத்துவிடலாம். சொல்லாமல் கொள்ளாமல் வக்காலத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மாஜிஸ்திரேட் சின்ன வயதுப் பெண். கிரேசியைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தார். ஆக்னஸ் கூண்டில் ஏறினாள். இளைத்திருந்தாள்.

"உங்களுக்கு வக்கீல் இருக்காங்களாம்மா?"

"நான் ஆஜராகிறேன்" என்று கிரேசி எழுந்தாள். "கட்டணம் இல்லாமல்."

"பெரிய வக்கீல். நல்லதுதானேம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

ஆக்னஸ் திரும்பினாள். சென்னையில் அன்றைக்குப் பிறகு இப்போதுதான் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். ஆக்னசின் முகத்தில் கோபம் இல்லை. அது கிரேசியை இன்னும் பயமுறுத்திற்று.

"எனக்கு இவங்க வேண்டாம்மா."

"ஏம்மா?"

"இவங்க கண்ணால பாத்ததையே பாக்கலன்னு சொல்லிருவாங்க. எனக்கு, பாக்காததைப் பாத்தேன்னு சொல்லுத வக்கீல் யாராவது இருந்தா பாத்துக் குடுங்க. இதுக்கு அது தேவல."

நீதிமன்றத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக் கிரேசியைப் பார்த்தார். "என்ன மேடம் சொல்றாங்க? எதைப் பார்த்தீங்க நீங்க?"

வாயைத் திறந்து நான்தான் வாங்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கரை இனி திரும்பாது, ஆனால் கூண்டில் நிற்கிறவள் பாரத்தில் பாதி குறையும். கிரேசிக்கு அது தெரிந்தது. வியாழக்கிழமை சென்னையில் குழுவின் முதல் கூட்டம் என்பதும் தெரிந்தது.

"ஒன்றுமில்லை, மேடம்" என்றாள். "அவர்கள் விருப்பம்."

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலை நியமிக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் எழுதினார். ஆக்னஸ் கும்பிட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி, கிரேசியின் நாற்காலியை ஒட்டியே நடந்து வெளியே போனாள். உதவியாளர் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்.